அண்ணன் பெயரில் சேர்ந்தவன்

கம்பெனிக்குள் சின்னத்தாயின் இறந்துபோன மகனை யாராவது கூப்பிட்டுக்கொண்டே இருந்தார்கள்.

"பாண்டி, கட்டு எடுத்துட்டு வா."

"பாண்டித்துரை, நூல் தீந்து போச்சு பாரு."

"டேய் பாண்டி, டீ வந்துருச்சு."

கூப்பிட்ட பக்கம் ஓடியவன் அவளுடைய இளைய மகன் காளிராஜ். செக்கிங் மேசையில் நின்று பனியன்களைத் திருப்பித் திருப்பிப் பார்த்துக்கொண்டிருந்த சின்னத்தாய்க்கு, வந்த புதிதில் ஒவ்வொரு கூப்பாட்டுக்கும் கை அப்படியே நின்றுவிடும். பிறகு நிற்காமல் வேலை செய்யப் பழகிவிட்டது. அப்படிப் பழகியதுதான் அவளுக்குப் பயமாக இருந்தது.

திருப்பூருக்கு வருவதாக இருந்தது பெரியவன்தான். விளாத்திகுளத்துக்குத் தெற்கே அவர்கள் ஊர். பத்தாவதில் கணக்கில் தவறிப்போன பாண்டித்துரை, தீபாவளி கழிந்ததும் கம்பெனியில் சேர்வது என்று முடிவாகி, பள்ளிக்கூடத்தில் டி.சி. வாங்கி, போட்டோவும் எடுத்து வைத்திருந்தான். ஐப்பசி மழையில் மஞ்சள் காமாலை வந்தது. பச்சிலை அரைத்துக் கொடுத்தார்கள். அதற்கு நோய் கேட்பது போல இருந்தது. பெரிய ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோகிற வழியிலேயே முடிந்துவிட்டது.

காரியம் எல்லாம் முடிந்த பிறகு ஒருநாள் அவள் புருஷன் குருசாமி அந்த டி.சி.யை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். மழை பொய்த்த வருஷம் அல்ல; வேண்டாத நேரத்தில் பெய்த வருஷம். மிளகாய்ச் செடி அழுகிக் கிடந்தது.

"பேப்பரு இருக்கு, ஆளு இல்ல," என்றார். வாசலில் பம்பரம் விட்டுக்கொண்டிருந்த காளியைப் பார்த்தார். "இங்க ஆளு இருக்கான், பேப்பரு இல்ல."

சின்னத்தாய் வேண்டாம் என்று சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை.

எட்டாவது படித்துக்கொண்டிருந்தவனைக் கூட்டிக்கொண்டு வந்தார்கள். கம்பெனி முதலாளி கிட்டுசாமி டி.சி.யைப் பார்த்தார், பையனைப் பார்த்தார், மறுபடி டி.சி.யைப் பார்த்தார்.

"இவன்தானுங்களா பாண்டித்துரை?"

குருசாமி மனைவியைப் பார்த்தார். சின்னத்தாய்தான் சொன்னாள்.

"ஆமாய்யா. இவன்தான்."

"பேப்பர் சரியா இருக்குதுங்க. ஆளுதான் வளத்தி பத்தல. எங்கூர்த் தண்ணி குடிச்சா வளந்துருவானுங்க," என்று சிரித்துவிட்டு அனுப்பிவைத்தார்.

அவளுக்கும் செக்கிங்கில் வேலை கிடைத்தது. குருசாமி ஒரு நூல் குடோனுக்கு வாட்ச்மேனாகப் போனார். வரிசையாகக் கட்டிய லைன் வீட்டில் ஓர் அறை பிடித்தார்கள். அக்கம்பக்கம் கேட்டால், பெரியவன் எங்களோடு இருக்கிறான், சின்னவன் ஊரில் மாமா வீட்டிலிருந்து படிக்கிறான் என்று சொன்னார்கள். சொல்லிச் சொல்லி அது சரளமாக வந்தது.

இரண்டாவது வருஷம் ஆடி மாதத்தில் அந்தச் சட்டைகள் வந்தன.

வழக்கமாகப் பெரிய பெரிய ஆர்டர் கொடுக்கிற அமெரிக்க பையர் ஒருவர், தன் அப்பாவுக்காகக் கொஞ்சம் சட்டைகள் தைத்துத் தரும்படி கேட்டிருந்தார். அவ்வளவு சின்ன வேலையை யாரும் எடுக்க மாட்டார்கள்; இந்த பையருக்கு மறுக்க முடியாது. சாம்பிள் செக்‌ஷனிலேயே தைத்தார்கள். காலர் வைத்த கருநீலச் சட்டை. இடது மார்பில் ஒரு பெயர், பெயருக்குக் கீழே ஒரு எண். எல்லாம் எம்ப்ராய்டரி.

சின்னத்தாய்க்குப் பக்கத்து மேசை தெய்வாத்தாளுக்கு. குண்டடத்துப் பக்கத்துக்காரி. அவள் ஒரு சட்டையை எடுத்துத் தன் மேல் வைத்துப் பார்த்தாள். முழங்கால் வரை வந்தது.

"ஏங்கண்ணு ஆஷா, இதுல பதினாலுன்னு போட்டிருக்குது. உள்ள ரெண்டு பேர் பூந்துக்கலாமாட்ட இருக்குது. சைஸு மாறிப் போச்சுங்களா?"

ஆஷா, பையர்களோடு பேசுகிற மெர்ச்சண்டைசிங் பிரிவில் இருந்த பெண். நாகர்கோவில்காரி, பி.எஸ்ஸி. கெமிஸ்ட்ரி. யாரையும் அதட்டத் தெரியாதவள் என்பதால் பெண்கள் எல்லோரும் அவளிடம் எதையும் கேட்பார்கள்.

"அது சைஸ் இல்லக்கா. வயசு."

"யாரு வயசு?"

"இதப் போடப்போற தாத்தாக்களோட வயசு. இப்ப உள்ள வயசு இல்ல. பட்டாளத்துல சேர்ந்தப்ப உள்ள வயசு."

மேசையைச் சுற்றி நாலைந்து பேர் கூடிவிட்டார்கள். ஆஷா சங்கடத்தோடு வாசலைப் பார்த்தாள். மேனேஜர் வரவில்லை. சொன்னாள். ஜெர்மனியோடும் ஜப்பானோடும் சண்டை நடந்த காலத்தில் அமெரிக்காவில் சின்னப் பையன்கள் வயதை ஏற்றிச் சொல்லிப் பட்டாளத்தில் சேர்ந்திருக்கிறார்கள். பதினெட்டு ஆக வேண்டும். பெற்றவர்கள் கையெழுத்துப் போட்டால் பதினேழு. அதுகூட ஆகாதவர்கள் சர்ச்சில் கொடுத்த ஞானஸ்நானப் பேப்பரில் வருஷத்தை மாற்றி எழுதினார்கள். உயரமாக இருந்தவனை யாரும் கேட்கவே இல்லை. அப்படிச் சேர்ந்து உயிரோடு திரும்பியவர்கள் இப்போது கிழவர்கள். வருஷத்துக்கு ஒருமுறை ஒன்றுகூடுகிறார்கள். அதற்குத்தான் இந்தச் சட்டை.

"பதினாலு வயசுல துப்பாக்கி புடிப்பானுங்களா?" என்றாள் ஒருத்தி.

"புடிச்சிருக்காங்க. கப்பல்ல பீரங்கிக்குக் குண்டு எடுத்துக் குடுத்திருக்காங்க. பன்னெண்டு வயசுப் பையன்கூட ஒருத்தன் இருந்தானாம். அதுக்கும் முந்தி, நூத்தம்பது வருசத்துக்கு முன்னால அவங்களுக்குள்ளயே ஒரு சண்டை நடந்துச்சு. அதுல இன்னும் சின்னப் பசங்க. கொட்டு அடிச்சுக்கிட்டு முன்னால போவாங்களாம்."

"எதுக்குப் போனாங்களாம்?"

"சில பேர் சாப்பாட்டுக்கு. சில பேர் வீட்டுல இருக்க முடியாம. அண்ணன் போனான்னு பின்னாலயே போனவங்களும் உண்டு."

தெய்வாத்தாள் சட்டையை மடித்துக்கொண்டே சொன்னாள். "அப்ப அந்தூர்ப் பட்டாளத்துக்கு ஆடிட்டு கீடிட்டு ஒண்ணுமில்லீங்களாக்கும். நம்ம கம்பெனியத்தான் பூதக்கண்ணாடி வெச்சுப் பாக்கறாங்க."

எல்லோரும் சிரித்தார்கள். ஆஷாவும் சிரித்தாள். தூரத்தில் காளி துணிக்கட்டைத் தோளில் வைத்துக்கொண்டு போனான். யாரோ அவனைப் "பாண்டி" என்று கூப்பிட்டார்கள்.

சின்னத்தாய்க்கு ஆங்கிலம் படிக்கத் தெரியாது. ஆர்டர் சீட்டில் இருக்கிற எழுத்தும் சட்டையில் இருக்கிற எழுத்தும் ஒரே உருவமா என்று பார்ப்பாள். கோலத்தில் புள்ளி தப்பினால் தெரிவதுபோல அவளுக்குத் தெரிந்துவிடும். அப்படிப் பார்த்துக்கொண்டு வந்தபோது ஒரு சட்டையில் பெயர் இரண்டு வரியாக இருந்தது. எண் ஒன்றுதான். சீட்டிலேயே தப்பாக அடித்துவிட்டார்கள் என்று நினைத்து, அதைத் தனியே எடுத்து ரிஜெக்ட் பெட்டியில் போட்டாள்.

சாயங்காலம் ஆஷா பெட்டியைக் கிளறி அந்தச் சட்டையை எடுத்தாள்.

"அக்கா, இது சரிதான். ரெண்டு பேரும் வேணும்."

"ஒரு சட்டைய ரெண்டு பேரு எப்படிம்மா போடுவாக?"

"ஒரே ஆள்தான். நம்ம பையரோட அப்பா இவரு. மேல இருக்கறது இவங்க அண்ணன் பேர். கீழ இருக்கறது இவரோட சொந்தப் பேர்." ஆஷா சட்டையின் நூல் பிசிறைக் கத்தரித்தாள். "அண்ணன் காய்ச்சல்ல இறந்துட்டாராம். அவரோட பேப்பர் வீட்டுல இருந்துச்சு. அத வச்சு இவர் சேந்துட்டார். சண்டை முடியற வரைக்கும் அண்ணன் பேர்தான்."

சின்னத்தாய் அந்த இரண்டு வரியையும் விரலால் தொட்டுப் பார்த்தாள்.

"அண்ணன் செத்தது பட்டாளத்துக்குத் தெரியாதா?"

"எப்படித் தெரியும்? வீட்டுல உள்ளவங்க சொன்னாத்தான."

"ஆத்தாக்காரி?"

"அவங்கதான் கூட்டிட்டுப் போய்க் கையெழுத்துப் போட்டாங்களாம்."

ஆஷா சட்டையை மடித்து பாலிதீன் பைக்குள் போட்டாள். சின்னத்தாய் வேறெதுவும் கேட்கவில்லை. கேட்க வேண்டியது ஒன்று இருந்தது. சண்டை முடிந்து அவன் வீட்டுக்கு வந்தபோது அந்த அம்மா அவனை என்ன பெயர் சொல்லிக் கூப்பிட்டாள் என்று. அதை ஆஷாவிடம் கேட்டால் அவள் தன் முகத்தைப் பார்த்து எல்லாம் தெரிந்துகொள்வாள் என்று தோன்றியது.

அந்த வாரத்தில் ஒருநாள் வேலை முடிந்து வரும்போது காளி முன்னால் போய்க்கொண்டிருந்தான். எல்லாக் கம்பெனிகளும் ஒரே நேரத்தில் விடுகிற பொழுது. சைக்கிளும் டிவிஎஸ் வண்டியும் நெருக்கியடித்தன. மளிகைக் கடையில் எண்ணெய் வாங்க வேண்டும் என்று நினைவு வந்து, "ஏய்யா காளி" என்று கூப்பிட்டாள். அவன் திரும்பவில்லை. சத்தத்தில் கேட்கவில்லையோ என்று ஓடிப்போய்ப் பக்கத்தில் நின்று கூப்பிட்டாள். அப்போதும் நடந்துகொண்டே இருந்தான். தோளைத் தொட்ட பிறகுதான் நின்றான்.

"கூப்பிடுதேன், காது கேக்கலயா?"

"என்னையவா கூப்பிட்ட?" என்றான். அவன் முகத்தில் பொய் இல்லை. பிறகு சுற்றிப் பார்த்துவிட்டுக் குரலைத் தாழ்த்தினான். "எம்மா, வெளிய வச்சு அப்படிக் கூப்பிடாத. யாராச்சும் கேட்டா வம்பு."

"வீட்டுலயாவது கூப்பிடலாமா?"

"வீட்டுலயும் பாண்டின்னே கூப்பிடேன். எனக்குப் பழகிருச்சு."

எண்ணெய் வாங்காமலே வீட்டுக்கு வந்தாள்.

ஆவணியில் காளி மெஷினில் உட்கார்ந்தான். டீ இடைவேளையில் எல்லாம் டீ குடிக்காமல் ஓவர்லாக் மெஷினில் வெட்டுத்துணியை ஓட்டி ஓட்டிப் பழகியிருந்தான். டெய்லர் ராசப்பன்தான் மேனேஜரிடம் சொன்னார். "பாண்டிக்குக் கை வந்துருச்சுங்க. இனியும் அவனைக் கட்டுத் தூக்க வெக்கறது பாவமுங்க." அன்றைக்கு அவன் வீட்டுக்கு வந்த நடையே வேறாக இருந்தது. சட்டைக் கையில் ஒட்டியிருந்த பஞ்சைத் தட்டவில்லை. தைக்கிறவன் என்று தெரிய வேண்டுமாம்.

"எம்மா, இன்னும் ரெண்டு வருசத்துல கான்ட்ராக்ட் எடுத்துருவேன். நீ நிக்க வேண்டாம். கால் வீங்குதுல்ல உனக்கு."

அவன் சொன்னது நடக்கும் என்று அவளுக்கும் தோன்றியது. எல்லாம் பாண்டித்துரைக்கு நடக்கும்.

பத்து நாளில் பையர் தரப்பு ஆள் கம்பெனியைச் சோதிக்க வருகிறார், ஆடிட்டு என்று சொன்னார்கள். மேனேஜர் சிவசுப்பிரமணியம் எல்லோரையும் டைனிங் ஹாலில் உட்கார வைத்துப் பாடம் நடத்தினார்.

"எத்தன மணிக்கு ஊட்டுக்குப் போவீங்க?"

"ஆறு மணிக்குங்க," என்று எல்லோரும் சேர்ந்து சொன்னார்கள்.

"நேத்து எத்தன மணிக்குப் போனீங்க?"

"அது வேற கேள்விங்களே," என்றாள் தெய்வாத்தாள். மேனேஜரே சிரித்துவிட்டார்.

பதினாறு ஆகாத யாரும் கம்பெனிக்குள் இருக்கக் கூடாது என்பது பையருடைய விதி. வயதுப் பேப்பர் இல்லாத பொடியன்களை எல்லாம் ஆடிட்டு அன்றைக்குக் காலையிலேயே கம்பெனி வேனில் ஏற்றி அமராவதி அணைக்கு அனுப்பினார்கள். அங்கே முதலைப் பண்ணை பார்த்துவிட்டு, புளிசாதம் சாப்பிட்டுவிட்டு, இருட்டிய பிறகு வர வேண்டும். "ஆடிட்டு வந்தா முதலைக்கு விருந்தாளி வருது," என்று தெய்வாத்தாள் வேனைப் பார்த்துக் கையசைத்தாள்.

காளி வேனில் ஏறவில்லை. அவனுக்குத்தான் பேப்பர் இருந்ததே.

ஆடிட்டர் சென்னையிலிருந்து வந்த ஒரு பெண். பருத்திச் சேலை, மெல்லிய குரல். ஸ்டோர் ரூமுக்குப் பக்கத்து அறையில் உட்கார்ந்து, ஒவ்வொருவராகக் கூப்பிட்டுப் பேசினாள். கம்பெனி ஆட்கள் யாரும் உள்ளே வரக் கூடாது என்று கதவைச் சாத்திவிட்டாள். சின்னத்தாய் உள்ளே போனதும் எழுந்து நாற்காலியை இழுத்துப் போட்டாள். கம்பெனியில் அவளுக்கு யாரும் நாற்காலி போட்டதில்லை.

கழிவறை சுத்தமாக இருக்கிறதா, குடிக்கத் தண்ணீர் உண்டா என்றெல்லாம் கேட்டாள். சின்னத்தாய் சொல்லிக் கொடுத்தபடி சொன்னாள்.

"பிள்ளைங்க எத்தனை பேரும்மா?"

"ரெண்டு பேரும்மா. பெரியவன் இங்கதான் மெஷின்ல இருக்கான். சின்னவன் ஊர்ல மாமன் வீட்டுல இருந்து படிக்கான்."

ஆடிட்டர் தலையசைத்தாள். எதிரே இருந்த நோட்டைப் புரட்டினாள். அது லீவு நோட்டு. கம்பெனியில் அதை எழுதுகிறவர்கள் படிப்பதில்லை. புரட்டிக்கொண்டே வந்தவள் ஓர் இடத்தில் நிறுத்தினாள்.

"போன வருஷம் ஐப்பசியில ஊருக்குப் போயிருக்கீங்க. காரணம்னு போட்டு, மகன் திதின்னு எழுதியிருக்கே."

சின்னத்தாய்க்கு அப்போதுதான் நினைவு வந்தது. வருகையும் லீவும் எழுதுகிற டைம் ஆபீசுக்கு வந்திருந்த புதுப் பெண் ஒருத்தி, 'ஊருக்குன்னு மட்டும் எழுதக் கூடாதுக்கா, எதுக்குன்னு எழுதணும்' என்றாள். முதல் வருஷத் திதி. பஸ்ஸுக்கு நேரமாகிக்கொண்டிருந்தது. பையில் வாழைக்காயும் எள்ளும் இருந்தன. கேட்டதற்கு வாய் உள்ளதைச் சொல்லிவிட்டது. அந்தப் பெண்ணும் எழுதிவிட்டு அடுத்த ஆளைக் கூப்பிட்டுவிட்டாள்.

"உங்க பையன் ஒருத்தர் இறந்துட்டாராம்மா?"

குரலில் சந்தேகம் இல்லை. வருத்தம்தான் இருந்தது. அதுதான் அவளை நிலைகுலைய வைத்தது.

"ஆமா."

"எந்தப் பையன்மா?"

மூன்றாவதாக ஒருவன் பிறந்து இறந்தான் என்று சொல்லியிருக்கலாமே என்று பிறகு பலர் அவளிடம் சொன்னார்கள். அந்த நேரத்தில் அவளுக்கு இரண்டு பேர்தான் இருந்தார்கள்.

சின்னவன் என்று சொன்னால் போதும். ஆடிட்டர் ஒரு வார்த்தை ஆறுதல் சொல்லிவிட்டு நோட்டை மூடிவிடுவாள். ஊரில் படிக்கிறான் என்று சொன்னது ஏன் என்று கேட்டால், மனசு கேட்காமல் எல்லோரிடமும் அப்படிச் சொல்லுவேன் என்று அழுதால் நம்பிவிடுவாள். காளி மெஷினில் இருப்பான். கான்ட்ராக்ட் எடுப்பான். சின்னத்தாய்க்கு எல்லாம் தெரிந்தது. சொல்லத் தயாராகத்தான் வாயைத் திறந்தாள்.

அந்த அமெரிக்கக்காரியும் இப்படி ஓர் அறையில், ஒரு மேசைக்கு முன்னால் நின்றிருப்பாள். உயிரோடு இருக்கிறவனைக் கை காட்டி, செத்தவன் பெயரைச் சொல்லி, அவன்தான் இவன் என்றிருப்பாள். அதைச் சின்னத்தாயும் செய்தவள்தான். அது செத்தவனை உயிரோடு வைத்துக்கொள்கிற மாதிரி. இது அப்படி அல்ல. சுவருக்கு அந்தப் பக்கம் சோறு தின்று, மூச்சு விட்டு, மெஷின் மிதித்துக்கொண்டிருக்கிறவனைப் பெற்ற வாயால் செத்துவிட்டான் என்று சொல்ல வேண்டும். கேட்டு எழுதிக்கொள்ள ஒருத்தி எதிரே உட்கார்ந்திருக்கிறாள்.

மெஷின் ஓடுகிற சத்தம் அறைக்குள் கேட்டது.

"பெரியவன்," என்றாள்.

ஆடிட்டர் பேனாவை வைத்தாள். "பெரிய பையன் மெஷின்ல இருக்கார்னு சொன்னீங்களேம்மா."

"அது சின்னவன். காளிராஜ். அவனுக்கு இன்னும் பதினஞ்சு முடியல." பிறகு சேலைத் தலைப்பால் வாயைப் பொத்திக்கொண்டாள். பொத்துவதற்கு இனி ஒன்றும் இல்லை.

மெஷினிலிருந்து காளியை எழுப்பினார்கள். பாதி தைத்த துணி ஊசியில் மாட்டியபடியே இருந்தது. அவன் அதை வெட்டி எடுக்கப் போனான். வேண்டாம், அப்படியே வா என்றார் மேனேஜர்.

ஆடிட்டரின் கார் போன பிறகு கிட்டுசாமி சின்னத்தாயைக் கூப்பிட்டார். அவர் கத்தவில்லை. கோபம் வந்தால் அவருக்கு மரியாதை கூடிப்போகும்.

"ஏனுங் சின்னத்தாயி. ஒரே ஒரு வார்த்தைங்க. சின்னவன்னு சொல்லியிருந்தீங்கன்னா என்னுங்க கொறஞ்சு போயிருக்கும்? இத்தன சனம் இதை நம்பிப் பொழைக்குதுங்களே."

"மொதலாளி, உங்களுக்கும் ஒரு மகன் இருக்காக. அப்படிச் சொல்ல உங்களுக்கு வாய் வருமா?"

அவருடைய மகன் நித்தீஷ் கோயம்புத்தூரில் படித்துக்கொண்டிருந்தான். கிட்டுசாமி பதில் சொல்லப் போனார். என்னவோ நினைத்துக்கொண்டு முகத்தைத் திருப்பிக்கொண்டார்.

"சொல்ல வேண்டாமுங்க," என்றார். "போங்க. ஊட்டுக்குப் போங்க."

காளி அறைக்குள் வந்து கதவைச் சாத்தியதும் கையிலிருந்த டிபன் பாத்திரத்தைத் தரையில் வீசினான். குடோனுக்குக் கிளம்பிக்கொண்டிருந்த குருசாமி எழுந்து நின்றார்.

"நான் செத்துட்டேன்னு சொன்னா செத்துருவனா?" என்று கத்தினான். "அவன் இருக்கும்போதும் உனக்கு அவன்தான். செத்த பெறகும் அவன்தான். நான் ஒருத்தன் மெஷின்ல உக்காந்திருக்கேன்ல, என்னையப் பத்தி நினைச்சியா?"

"உன்னைய நினைச்சுத்தான்யா சொல்ல முடியல."

"ஊர்ல எத்தன தடவ திட்டியிருக்க? பள்ளிக்கூடத்துக்குப் போகாட்டி செத்துத் தொலைன்னு திட்டல? அப்ப மட்டும் எப்படி வாய் வந்துச்சு?"

"அது திட்டுறது," என்றாள் சின்னத்தாய். "இது கேட்டதுக்குப் பதிலு."

அவனுக்கு அது புரிந்ததாகத் தெரியவில்லை. குருசாமிக்குப் புரிந்தது. அவர் கீழே கிடந்த பாத்திரத்தை எடுத்து, நசுங்கிய இடத்தை விரலால் தடவிக்கொண்டு நின்றார். அன்றைக்கு அவர் வேலைக்குப் போகவில்லை.

சின்னத்தாயை வேலையை விட்டு நிறுத்தக் கூடாது, பையனை மறுபடி படிக்க வைக்கக் கம்பெனி உதவ வேண்டும் என்று ஆடிட்டர் எழுதிவிட்டுப் போயிருப்பதாக ஆஷா வந்து சொன்னாள். காளி சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்திருந்தான். "அவனோட பேர்லயே எட்டாவதுல இருந்து ஆரம்பிக்கலாம்," என்றாள் ஆஷா தயங்கித் தயங்கி. அவன் எழவில்லை. போகும்போது அவள், அந்தச் சட்டைகளை எல்லாம் கப்பலில் ஏற்றியாயிற்று என்று எதற்கோ சொல்லிவிட்டுப் போனாள்.

பையர் அடுத்த ஆர்டரை நிறுத்தி வைத்தார். ஓவர்டைம் போயிற்று. டைனிங் ஹாலில் சின்னத்தாய் உட்கார்ந்த பெஞ்சில் யாரும் உட்காரவில்லை. ஒருத்தி காது படவே, "அரிச்சந்திரனுக்குப் பொண்டாட்டி வந்துட்டா" என்றாள். சின்னத்தாய் தலை நிமிராமல் தின்றாள். தான் செய்தது சரியா என்று அவளுக்கே தெரியவில்லை. மகன் முகம் கொடுத்துப் பேசி நாளாகிறது.

ஒருநாள் தெய்வாத்தாள் சோற்றுத் தூக்குப்போசியோடு வந்து எதிரே உட்கார்ந்தாள்.  வழக்கமான கேலி இல்லாமல் நேராகக் கேட்டாள்.

"பெரியவன் எப்பங்க செத்தான்?"

"நீங்க என்னைப் பாக்கதுக்கு முந்தி. இங்க வாரதுக்கு ஒரு மாசம் முந்தி."

"பொறகு நீங்க வந்து என்ர பக்கத்துல நின்னீங்களே. அன்னிக்கு நான் என்னென்னமோ கேலி பேசிச் சிரிச்சிருப்பேனே."

"நானும்தான் சிரிச்சேன்."

தெய்வாத்தாள் போசியைத் திறக்காமலே எடுத்துக்கொண்டு எழுந்து போனாள்.

ஞாயிற்றுக்கிழமை காலையில் லைன் வீட்டு வாசலில் பெண்கள் வந்து நின்றார்கள். செக்கிங் மேசைப் பெண்கள் பாதிப்பேர் இருந்தார்கள். காது படப் பேசினவள் வரவில்லை. தெய்வாத்தாள் முன்னால் வந்தாள். தலை முடியாமல், பொட்டு வைக்காமல் வந்திருந்தாள். சின்னத்தாய்க்கு ஒரு கணம் விளங்கவில்லை. யார் வீட்டு இழவு என்று நினைத்தாள். தெய்வாத்தாள் கையை விரித்ததும் விளங்கிவிட்டது.

இரண்டு பேரும் கட்டிக்கொண்டு தரையில் உட்கார்ந்தார்கள். மற்றவர்கள் சுற்றி உட்கார்ந்து தோளைப் பிடித்துக்கொண்டார்கள். ஊரில் அழுததோடு சரி. அதன்பிறகு இந்த ஊரில் அவள் அந்தப் பெயரைச் சொல்லி அழுததில்லை. அது புழக்கத்தில் இருந்த பெயர். இப்போது சத்தம் போட்டு அழுதாள். "ஏ ராசா பாண்டித்துரை, பச்சிலையக் குடுத்துக் கொன்னேனே" என்று அழுதாள். லைனில் இருந்தவர்கள் எல்லாம் வாசலுக்கு வந்து நின்று பார்த்தார்கள். அவர்களில் சிலரும் வந்து உட்கார்ந்தார்கள்.

ஆண்கள் வெளியே தெருவில் நின்றார்கள். டெய்லர் ராசப்பனும் அவரோடு மெஷினில் இருக்கிற ஆட்களும். குருசாமி துண்டைக் கையில் பிடித்துக்கொண்டு வாசலுக்கு வந்தார். எழுந்துபோய் எங்காவது ஒளிந்துகொள்ளலாம் என்று பார்த்த காளியை, தோளைப் பிடித்துத் தன் பக்கத்தில் நிறுத்தினார்.

"துட்டி கேட்டு வந்திருக்காக," என்றார். "செத்தவனுக்குத் தம்பி நீ. நில்லு."

ராசப்பன் குருசாமியின் கையைத் தொட்டுவிட்டு, அடுத்ததாகத் துக்கம் கேட்கிற முறைப்படி இரண்டு கைகளையும் சேர்த்துக் காளியின் முன் நீட்டினார். காளிக்கு என்ன செய்வதென்று தெரியவில்லை. அண்ணன் செத்தபோது அவனை யாரும் வரிசையில் நிறுத்தவில்லை. சின்னப் பையன் என்று பக்கத்து வீட்டுக்கு அனுப்பிவிட்டார்கள்.

"கையத் தொடு," என்றார் குருசாமி.

தொட்டான். ராசப்பனின் உள்ளங்கை கத்தரி பிடித்துக் காய்த்திருந்தது.

"உங்கண்ணன் பேரைச் சொல்லி உன்னைய நெம்ப வெரட்டியிருக்கறேன்," என்றார் ராசப்பன். "தெரியாமப் போச்சு, சாமி."

காளி தலையை ஆட்டினான். உள்ளே அம்மா அழுவது கேட்டது. அண்ணனின் பெயரைச் சொல்லித்தான் அழுதாள். அவன் கன்னத்தில் கண்ணீர் இறங்கியது. துடைக்கக் கை ஒழியவில்லை. ராசப்பனுக்குப் பின்னால் வரிசையில் அடுத்தவர் தன் கைகளை நீட்டியிருந்தார். காளி அவற்றையும் தொட்டான்.